ஒரு சாண் மிக்-21

கீழவாசல் பழைய பேப்பர் கடையில்
எடைக்கல்லுக்கும் பஞ்சாங்கக் கட்டுக்கும் நடுவே கிடந்தது.
பெட்டியில் அச்சான வருஷம் எண்பத்தொன்பது.
விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடி இல்லை.
செய்முறைத் தாளில் நாலாம் படியிலிருந்து ஏழு வரை
இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.
நூற்றெண்பது சொன்னார், நூற்றுநாற்பதுக்கு முடிந்தது.
"பிள்ளைக்கா?"
ஆமாம் என்றேன்.
பிள்ளை பிறக்க இன்னும் நாலு மாதம்.

செங்கொடியிடம் சொன்ன விலை நாற்பது.
மிச்சம் நூறை வீட்டுக் கணக்கில்
சைக்கிள் டியூப் என்று எழுதினேன்.

மருத்துவக் கல்லூரி சாலை மருந்துக்கடையில்
ராத்திரி ஆள் நான்.
பத்தரைக்கு ஷட்டர் பாதி இறங்கும்.
தின்னர் வாசம் அவளுக்கு ஆகாது என்பதால்
விமானம் கடையில்தான் வளர்ந்தது,
இருமல் டானிக்குகளுக்குப் பின்னால்.

வயிற்றுப் பொருத்தில் ரெண்டு ரூபாய்க் காசு நுழையும் இடுக்கு.
உதிரிகளை ஒடித்தெடுத்த பின் மீந்த கம்பிகளைப்
பொடியாக நறுக்கி
தின்னரில் மூன்று நாள் ஊறவிட்டால் மாவாகிறது.
அடைத்து, காயவிட்டு,
நகம் தேய்க்கும் அட்டையால் தேய்த்தேன்,
மறுபடி அடைத்தேன்.
மூக்கு முனைக் குழாய்க்கு
இருபத்துநாலாம் நம்பர் ஊசி.

வால் இறக்கை இரண்டுமே இடது.
எங்கோ ஓர் ஊரில் எவனோ
இரண்டு வலதோடு உட்கார்ந்திருப்பான், பாவம்.
ஒன்றைக் கவிழ்த்து ஒட்டினேன்.
அந்தப் பக்கத்து ரிவெட் எல்லாம் இப்போது கீழே.
படுத்துக்கொண்டு பார்ப்பவர் பார்க்கட்டும்.

மூடிக்காக மாத்திரை அட்டைகளில் அலைந்தேன்.
கேப்சூல் குமிழ் ஒடுக்கம்.
வைட்டமின் குமிழ் குண்டு.
பொருந்தியது அவள் தின்னும் கால்சியம்,
ராத்திரிக்கு ஒன்று.
"கட்டைவிரலால அமுக்காத,
பின்னாலேர்ந்து தாளை உரி."
முதல் ராத்திரி மறந்து அமுக்கினாள், குமிழ் நசுங்கியது.
இரண்டாம் ராத்திரி உரித்தாள்.
நான் வெட்டும்போது கீறியது.
மூன்றாவதை அவளே
புருவக் கத்தரியால் வெட்டி
உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.
"டியூப்புக்கு மூடி" என்றாள்.

ஐப்பசி அடைமழையில் வெள்ளிப் பெயின்ட் காயவில்லை.
கேட்டுக்கு அடித்து மீந்த டப்பா அது,
ஈரக்காற்றில் சாம்பலாகப் பூத்தது.
இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜின் முதுகில்
எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும்.
அங்கே மூன்று ராத்திரி படுக்கவைத்தேன்.

ஒட்டுப்படங்களைத் தண்ணீரில் இட்டேன்.
முப்பத்தைந்து வருஷ மஞ்சள்.
மூவர்ண வட்டம் ஒன்று மூன்றாக உடைந்து
கிண்ணத்தில் ஆளுக்கொரு பக்கம் மிதந்தது.
அதே தாளில் சிவப்பு நட்சத்திரங்கள்
ஒரு விரிசல் இல்லாமல் இருந்தன.
செங்கொடி சிரித்தாள்.
திருத்துறைப்பூண்டியில் அவள் பிறந்த வீட்டில்
பெயர் வைப்பதற்கு முன்பே கொடி வாங்கியிருந்தார்களாம்.
"எங்கப்பாவுக்குப் போன் போடவா?"
போடவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தூரிகை நுனியால்
துண்டுகளை அவளே நகர்த்திச் சேர்த்தாள்.
பச்சையில் ஒரு கீற்று மட்டும் காணவில்லை.
போன மாதம் சோதனைக்கு வந்த மருந்து ஆய்வாளர்
கடையில் மறந்துபோன பச்சை மைப் பேனா இருந்தது.
அரசாங்கக் கையெழுத்தின் பச்சை.
ஒரே ஒரு புள்ளி வைத்தேன்.

பிறகுதான் சக்கரத்தில் நிறுத்தினேன்.
மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது.
புது ஆற்றில் தூண்டில் போடும் ஜெரால்டு தந்த
ஈயக் குண்டு மூன்றும் உள்ளேதான் இருந்தன.
நாலாவது வேண்டியிருந்திருக்கிறது.
எத்தனை என்பது ஐந்தாம் படியில் இருந்திருக்கும்,
பூச்சிக்குத் தெரியும்.
இனி மூக்கைத் திறக்க முடியாது.
முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க
வாலுக்கு அடியில்
ஒரு பாராசிட்டமால் பாதியை முட்டுக்கொடுத்தேன்.
மழை ஈரத்தில் அது கரைய
வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

நேற்று சுகோய் இரண்டு தாழப் பறந்தன.
அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள் கிலுகிலுத்தன.
மிக் மெதுவாகத் திரும்பி
டானிக் வரிசையைப் பார்த்து நின்றது.
காய்ச்சல் மருந்துக்கு வந்த ஆட்டோக்காரர்
சில்லறையை எண்ணாமல் அதையே பார்த்தார்.
"பறக்குமாண்ணே?"
"நிக்கவே மாட்டேங்குது" என்றேன்.